கெட்டிக்காரி எப்படியும் வருவாள் என்ற பொய்

வரக்காப்பொல, ருவன்வெல்ல, எட்டியாந்தோட்டை, தெரணியகல என்று இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை எதிலாவது பரிசளிப்பு விழா என்றால் மேடையில் ஒரு பேச்சு தவறாமல் வரும். தோட்டத்துப் பிள்ளை என்று கூனிக் குறுகாதே, திறமை இருந்தால் உன்னை யாராலும் அமுக்க முடியாது, விடாமுயற்சி இருந்தால் வானமும் வசப்படும். வானம் என்று சொல்லியாகிவிட்டதால் வானியல் பெண்மணிகளும் துணைக்கு அழைக்கப்படுகிறார்கள். பல்சர் என்ற துடிப்பு விண்மீன்களைக் கண்டுபிடித்த ஜோசலின் பெல் பர்னல் வருகிறார். கருந்துளைகளின் பிறப்பைப் பற்றி ஆராயும் பிரியம்வதா நடராஜனும் வருகிறார், நம்ம தமிழ்ப் பெண் என்ற பெருமிதத்தோடு. இவர்களை எல்லாரும் குறைத்து மதிப்பிட்டார்கள், இவர்கள் சளைக்கவில்லை, வென்றார்கள், நீயும் வெல்லலாம் என்று பேச்சு முடிகிறது. கைதட்டல்.

இந்தக் கருத்து தவறு என்பது என் வாதம். தவறோடு நில்லாமல் தீங்கும் செய்கிறது.

ஆனால் அதன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இப்படிப் பேசுபவர்களில் பலர் லயத்தில் பிறந்து படித்து வந்தவர்கள். மண்ணெண்ணெய் விளக்கில் படித்து ஆசிரியராகவும் வைத்தியராகவும் விரிவுரையாளராகவும் ஆனவர்கள். தங்கள் வாழ்க்கையையே சான்றாக வைத்துத்தான் பேசுகிறார்கள். நாட்டில் கல்வி இலவசம், பரீட்சைத் தாள் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதும் பொய்யல்ல. எல்லாவற்றையும்விட வலுவான வாதம் ஒன்று அவர்களிடம் இருக்கிறது: உனக்கு எதிராகத்தான் எல்லாம் இருக்கிறது என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அவள் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள், நம்பிக்கையைக் கொடுத்தால் எழுந்து நடப்பாள். இதைத் தள்ளிவிட முடியாது. இதற்கும் பதில் சொல்கிறேன்.

1. வந்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு எல்லாரும் வரலாம் என்று முடிவு கட்டுவது என்ன கணக்கு? வந்தவர் மேடையில் நிற்கிறார், ஆகவே கண்ணுக்குத் தெரிகிறார். அதே வகுப்பில் அவருக்குப் பக்கத்தில் இருந்து அவரைவிட வேகமாகக் கணக்குப் போட்டவள் இன்று எங்கேயோ ஓர் ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறாள். அவளுக்கு மேடை இல்லை, அதனால் அவள் சான்றாகவும் வருவதில்லை. சான்றுகளில் ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைப் படித்தால் எந்தப் பொய்யையும் நிரூபிக்கலாம்.

மேலே வந்துவிட்டவளுக்குக்கூட திறமை மட்டும் போதவில்லை என்பதற்கு வானியலிலேயே கதை உண்டு. செசிலியா பெய்ன் கேம்பிரிட்ஜில் படித்தார். 1948 வரை அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்கவில்லை. பிறகு அமெரிக்காவுக்குப் போனார். 1925 இல் எழுதிய ஆய்வேட்டில், விண்மீன்கள் பெருமளவு ஐதரசனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று கணக்கிட்டுக் காட்டினார். பூமியில் உள்ள மூலகங்கள் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் சூரியனிலும் இருக்கின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அன்றைய வானியலில் பெரிய தலையான ஹென்றி நோரிஸ் ரசல், இது நடக்காத காரியம் என்றார். பெய்னும் தான் கண்ட முடிவு பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்று தன் ஆய்வேட்டிலேயே எழுதவேண்டி வந்தது. 1929 இல் ரசல் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். பெய்னின் கணக்கை அவர் மறைக்கவில்லை, ஆனாலும் பெயர் நீண்ட காலம் அவருக்கே போனது. பெய்ன் ஹார்வர்டில் முழுப் பேராசிரியரானது 1956 இல்.

திறமை இருந்தது, இடம் கிடைத்தது, விடையும் சரி. அப்படியும் ஒரு வார்த்தையால் அந்த விடையைக் கிடப்பில் போட முடிந்தது. ஹார்வர்டில் இருந்தவளுக்கு இந்தக் கதி என்றால், சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஆசிரியரே இல்லாத பாடசாலையில் இருப்பவளிடம் திறமை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

2. பத்து வயதில் எழுதும் ஒரு பரீட்சை பிள்ளையின் மூளையை அளந்துவிடும் என்று யார் சொன்னது? நாம்தான் சொல்கிறோம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் முடிவு வந்த அன்று வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்த பிள்ளையின் படம் பதாகையில் ஏறுகிறது. கீழே வந்த பிள்ளை அன்றைக்கே தான் யார் என்று தெரிந்துகொள்கிறாள்.

மேடைக்கு அழைக்கிறார்களே, அந்த ஜோசலின் பெல் இதே போன்ற பரீட்சையில் தோற்றவர். வட அயர்லாந்தில் பதினொரு வயதளவில் எழுதும் அந்தப் பரீட்சையும் நம்முடையதைப் போலத்தான், நல்ல பாடசாலைக்கு யார் போவது என்று வடிகட்டியது. வடிகட்டியில் அவர் நிற்கவில்லை. இந்தப் பகுதியைப் பேச்சாளர்கள் விரும்பிச் சொல்கிறார்கள்: பாருங்கள், தோற்றும் வென்றார்! தோற்ற பிறகு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை.

நடந்தது இது. அவருடைய தந்தை கட்டடக் கலைஞர், ஆர்மா கோளரங்கத்தின் வடிவமைப்பில் பங்கெடுத்தவர். வானியல் புத்தகங்கள் வீட்டுக்கு வந்தன. பாடசாலையில் பையன்களை ஆய்வுகூடத்துக்கும் பெண்களை மனையியலுக்கும் பிரித்து அனுப்பியபோது பெற்றோர் போய்ச் சண்டை போட்டார்கள். வேறு சில பெற்றோரும் அப்படியே செய்தார்கள். அதனால் மூன்று பெண்கள் மட்டும் விஞ்ஞான வகுப்பில் உட்கார்ந்தார்கள். தவணை முடிவில் வகுப்பில் முதலாவதாக வந்தவர் ஜோசலின். பிறகு 13 வயதில் பெற்றோர் அவரைக் கடல் கடந்து யோர்க் நகரத்து விடுதிப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே பௌதிகவியலை விளங்கச் சொல்லித் தந்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். அங்கிருந்து கிளாஸ்கோ, அங்கிருந்து கேம்பிரிட்ஜ்.

பரீட்சை தவறாகச் சொன்னது. அதைத் திருத்த அவரிடம் பெற்றோரின் படிப்பும் பணமும் துணிவும் இருந்தன. வரக்காப்பொலப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டுக்குப் போகும் தாயின் மகள் அதே பரீட்சையில் இரண்டு புள்ளி குறைந்து நிற்கிறாள் என்று வையுங்கள். அவளை அனுப்ப எந்த யோர்க் இருக்கிறது? மலையகத் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021 இல்தான் 1,000 ரூபாவை எட்டியது, 2024 இல் 1,350 ஆனது. அதிபரின் அறைக்குள் போய் என் மகளுக்கு விஞ்ஞானம்தான் வேண்டும் என்று மேசையைத் தட்டுகிற துணிவை நாம் அந்தத் தாய்க்கு எந்தக் காலத்தில் கொடுத்தோம்?

ஒரு வரலாற்றையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1945 இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது, ஏழைக் கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளையை மத்திய மகா வித்தியாலயத்துக்குத் தூக்கிவிடுவதுதான் புலமைப்பரிசிலின் நோக்கமாக இருந்தது. தோட்டப் பாடசாலைகள் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. மூன்று வருடம் கழித்து, 1948 இல், மலையகத் தமிழரில் பெரும்பாலோரின் குடியுரிமையும் போனது. அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். முப்பது வருடம் பிந்தி ஓடத் தொடங்கியவளிடம் பந்தயம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்கிறோம்.

3. விடாமுயற்சி என்றால் எதை விடாமல் முயல்வது? முயல ஒரு பொருள் வேண்டாமா? ஜோசலினின் கையில் பொருள் இருந்தது. நாலரை ஏக்கரில் 2,048 அலைவாங்கிகளும் மைல் கணக்கில் கம்பியுமாக ஒரு வானொலித் தொலைநோக்கி. அதைக் கட்டிய சில பேரில் அவரும் ஒருவர், சம்மட்டி பிடித்து இரண்டு வருடம் வேலை செய்தார். 1967 இல் அது இயங்கத் தொடங்கியதும் நாளுக்கு நூறு அடி அளவில் காகிதச் சுருள் வந்து விழுந்தது. அதைக் கண்ணாலேயே அலசினார். ஓகஸ்ட் மாதத்துச் சுருள் ஒன்றில், கால் அங்குல இடத்தில் ஒரு சின்னப் பிசிறு. வழக்கமான வானொலி மூலத்தின் கோடு போலவும் இல்லை, மனிதன் உண்டாக்கிய இரைச்சல் போலவும் இல்லை. வேறொருவர் தாண்டிப் போயிருப்பார். அவர் தாண்டவில்லை. நவம்பரில் காகிதத்தை வேகமாக ஓட்டிப் பதிந்து பார்த்தபோது அது 1.337 செக்கனுக்கு ஒரு தடவை தவறாமல் துடித்தது. மேற்பார்வையாளர் அன்ரனி ஹியூவிஷ் முதலில், இது மனிதன் உண்டாக்கிய அலையாகத்தான் இருக்கும் என்றார். வருட முடிவுக்குள் வானத்தின் வேறொரு மூலையில் இன்னொரு துடிப்பையும் ஜோசலின் கண்டுபிடித்தார். இரண்டாவது கிடைத்ததும் சந்தேகம் ஓய்ந்தது.

இது விடாமுயற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அவரே பல தடவை சொன்ன காரணத்தைக் கேட்டிருக்கிறீர்களா? கேம்பிரிட்ஜ் தன்னைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டது, ஒருநாள் கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிடும் என்று பயந்தாராம். அனுப்பும் நாளில் மனச்சாட்சி உறுத்தக்கூடாது என்பதற்காகவே ஒன்றையும் விடாமல் பார்த்தாராம். கிளாஸ்கோவில் பௌதிகவியல் சிறப்பு வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். அவர் உள்ளே வரும்போதெல்லாம் ஆண்கள் விசிலடித்துக் காலால் தரையைத் தட்டினார்கள். அப்படிப்பட்ட வருடங்கள் விதைத்த பயம் அது. அந்தப் பயத்துக்கு மத்தியிலும் ஒரு கண்டுபிடிப்பு நடந்தது என்பது அவருடைய பெருமை. பயத்தையே நற்குணமாக்கிப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுப்பது நம்முடைய வெட்கக்கேடு.

இனி பிரியம்வதா நடராஜன். கோயம்புத்தூரில் பிறந்தார், டெல்லியில் வளர்ந்தார், பெற்றோர் கல்விமான்கள், வீட்டில் கொமடோர் 64 கணினி. எண்பதுகளில் நம் ஊரில் கணினி என்ற சொல்லைக் கேட்டவர் எத்தனை பேர்? வானத்தைப் பற்றி ஏதாவது செய்ய ஆசைப்பட்ட அந்தப் பாடசாலை மாணவி டெல்லி நேரு கோளரங்கத்துக்குப் போனார். இயக்குநர் நிருபமா ராகவன் விரட்டிவிடவில்லை. டெல்லி வானத்துக்கு விண்மீன் வரைபடம் போடும் நிரல் எழுதிப் பார் என்று உண்மையான வேலை ஒன்றைக் கொடுத்தார். எழுதி முடித்தார். பிறகுதான் அமெரிக்காவும் கேம்பிரிட்ஜும் யேலும். முதல் கருந்துளைகளில் சில, விண்மீன் இறந்து உண்டாகாமல், வாயு முகில் நேராகவே இடிந்து விழுந்து பெரிய விதையாக உருவாகியிருக்கலாம் என்று 2006 அளவில் ஜூசெப்பே லொடாட்டோவுடன் சேர்ந்து கணித்தார். 2023 இல் ஜேம்ஸ் வெப், சந்திரா தொலைநோக்கிகள் இரண்டும் சேர்ந்து காட்டிய யுஎச்இசட்1 என்ற தொலைதூர விண்மீன் திரளின் நடுவே இருக்கும் கருந்துளை அந்தக் கணிப்போடு பொருந்தி நின்றது. பதினேழு வருடக் காத்திருப்பு, மெச்சத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கதையிலிருந்து நிருபமா ராகவனை உருவி எடுத்துவிட்டு விடாமுயற்சியை மட்டும் பரிமாறுகிறோமே, அது நேர்மையா?

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி 1996 முதல் நிற்கிறது. ஜப்பான் கொடுத்தது. கண்டி வீதியில் பஸ் ஏறினால் வரக்காப்பொலயிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம். நம் தோட்டப் பாடசாலைகளில் எத்தனை அந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தன என்று அவரவர் மனதுக்குள் எண்ணிப் பார்க்கட்டும். அது ஒரு நாள் பயணம். உயர்தரப் பௌதிகவியலோ இரண்டு வருடப் படிப்பு. தோட்டப் பாடசாலைகள் பல கீழ் வகுப்புகளோடு முடிந்துவிடுகின்றன. தமிழ்மொழியில் விஞ்ஞானப் பிரிவு வேண்டுமென்றால் ஹட்டனுக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ உறவினர் வீட்டைத் தேடிப் போ என்கிறோம். ஆண் பிள்ளை சில வேளை போகிறான். பெண் பிள்ளை கலைப்பிரிவில் சேர்கிறாள். பிறகு, பெண்களுக்கு விஞ்ஞானத்தில் நாட்டமில்லை என்று நாமே எழுதிவைக்கிறோம்.

4. மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே என்று சட்டம் தெரிந்தவர்கள் குறுக்கிடுவார்கள். இருக்கிறது. விஞ்ஞானப் பிரிவுகளில் பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதிப்படி, 55 சதவீதம் மாவட்டங்களின் மக்கள்தொகைப்படி, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இரத்தினபுரி அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது, நம் கேகாலை இல்லை. அப்படியானால் கேகாலை மாவட்டத்து லயத்துப் பிள்ளை யாரோடு போட்டியிடுகிறாள்? கேகாலை நகரத்துப் பெரிய பாடசாலைகளில் ஆய்வுகூடமும் மேலதிக வகுப்பும் உள்ள பிள்ளைகளோடு. மாவட்டத்தின் சராசரி அவளை மறைத்துவிடுகிறது. சராசரியில் ஆழம் மூன்று அடிதான் என்று கேட்டு ஆற்றில் இறங்கியவன் நடுவில் மூழ்கியதைப் போல.

5. வானியல் சோறு போடுமா? இந்தக் கேள்வியை நான் கேலி செய்ய மாட்டேன். வயிற்றுப்பாட்டோடு மல்லுக்கட்டும் வீட்டில் அதுதான் முதல் கேள்வி. ஆனால் கலைப்பிரிவில் பட்டம் எடுத்துவிட்டு நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் பட்டதாரியிடம் அதே கேள்வியை ஏன் கேட்பதில்லை? வானியலுக்குப் போகும் பாதை இணைந்த கணிதமும் பௌதிகவியலும். அந்தப் பாதையில் நடந்தவள் வானியலாளராக வேண்டிய கட்டாயமில்லை. பொறியியலும் கணினியும் நிலஅளவையும் அதே பாதையில்தான் இருக்கின்றன. கருந்துளைகளைத் தேடிய வானொலி வானியல் ஆராய்ச்சியில் பிறந்த கணித உத்தி ஒன்றுதான் பிற்பாடு ஜோன் ஓ'சலிவன் குழுவின் கையில் வைஃபையை உருவாக்க உதவியது. இன்று லயத்திலும் கைத்தொலைபேசியில் அது இருக்கிறது. பாவிக்க மட்டும் நமக்கு, படிக்க வேறு யாருக்கோவா?

6. பெண் பிள்ளை ராத்திரியில் வானம் பார்க்கப் போவதா என்று கேட்பவர்கள் இறப்பர் தோட்டத்தில் விடியலைப் பார்த்ததில்லை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆகவே கிழக்கு வெளுக்கும் முன்பே பெண்கள் லயத்தை விட்டு இறங்குகிறார்கள். அந்த இருட்டு யாருக்கும் உறுத்துவதில்லை. கூலிக்குப் போகும்போது இருட்டு ஆபத்தில்லை, படிப்புக்குப் போகும்போது மட்டும் ஆபத்து. பெரிய நாடுகளிலும் இப்படித்தான் சாக்குச் சொன்னார்கள். கலிபோர்னியாவின் பலோமர் ஆய்வகத்தில் பெண்களுக்குத் தொலைநோக்கி நேரம் கொடுக்காததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று கழிப்பறை இல்லை என்பது. 1965 இல்தான் வேரா ரூபின் முறைப்படி அனுமதிக்கப்பட்டார். விண்மீன் திரள்கள் சுழலும் வேகத்தை அளந்து, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளைப் பற்றி உலகத்தை யோசிக்க வைத்தவர் அவர்தான். இன்று சிலியில் 8.4 மீற்றர் கண்ணாடியோடு நிற்கும் ஆய்வகத்துக்கு அவருடைய பெயர். 2025 ஜூனில் அது முதல் படங்களை வெளியிட்டது. அப்படிப்பட்ட ஆய்வகங்களின் தரவுகளை அலசுபவர்கள் மலை உச்சியில் குளிரில் நிற்பதில்லை, கணினியின் முன் பகலில் இருக்கிறார்கள்.

இடையில் ஒன்று. ஜோசலின் கண்ட முதல் பல்சர் இருக்கும் இடம் திருவோண விண்மீனுக்கு வடமேற்கே. ஓகஸ்ட் மாத முன்னிரவில் வரக்காப்பொலயில் அது உச்சந்தலைக்குச் சற்று வடக்கே வருகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கேம்பிரிட்ஜைவிட நமக்கு அது உயரத்தில் இருக்கிறது.

7. நோபல் பரிசு கிடைக்காததைப் பற்றி அவரே முறையிடவில்லையே என்பது கடைசி அம்பு. உண்மைதான். 1974 இல் பரிசு ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. பிரெட் ஹொய்ல் போன்றவர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். ஜோசலினோ, மாணவர்களுக்கு நோபல் கொடுப்பது மிக அரிதான சந்தர்ப்பங்களில்தான் பொருந்தும் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். பத்திரிகைக்காரர்கள் விஞ்ஞானக் கேள்விகளை ஹியூவிஷிடம் கேட்டுவிட்டு இவரிடம் உடலளவையும் காதலர்களையும் பற்றிக் கேட்டபோதும் பொறுத்துப்போனார். திருமணத்துக்குப் பின் கணவரின் வேலை மாறிய ஊர்களுக்கெல்லாம் போய்ப் பகுதிநேர வேலைகள் செய்தார். பாதிக்கப்பட்டவர் பெருந்தன்மையாக இருப்பது அவருடைய உரிமை. அதை எடுத்துக் காட்டி நடந்தது சரிதான் என்று தீர்ப்பெழுத நமக்கு உரிமையில்லை. உன் பாட்டி பேசாமல் கொழுந்து பறித்தாளே என்று பேத்தியிடம் சொல்வதும் இதே தந்திரம்தான்.

அவர் பேசாமலும் இருந்துவிடவில்லை. 2018 இல் முப்பது இலட்சம் டொலர் சிறப்புப் பரிசு கிடைத்தது. ஒரு சதமும் வைத்துக்கொள்ளாமல் பிரித்தானியாவின் பௌதிகவியல் நிறுவகத்திடம் கொடுத்தார். பௌதிகவியல் ஆய்வில் போதிய இடம் கிடைக்காத பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்களுக்கு அந்தப் பணத்தில் புலமைப்பரிசில் வழங்கப்படுகிறது. விடாமுயற்சி மட்டும் போதும் என்று அவர் நம்பியிருந்தால் பணத்தை ஏன் கொடுக்கிறார்? ஊர் ஊராய்ப் போய்ப் பேசியிருக்கலாமே.

நம்பிக்கை என்ற அந்த வலுவான வாதத்துக்கு வருகிறேன். தடை இருக்கிறது என்று சொன்னால் பிள்ளை உட்கார்ந்துவிடுவாள் என்கிறார்கள். தடையே இல்லை என்று சொல்லி அனுப்பினால் என்ன ஆகும்? முட்டி விழும்போது, தடை இல்லாத பாதையில் நானேதான் விழுந்தேன், எனக்குத்தான் மூளை இல்லை என்று அவள் முடிவு கட்டுவாள். வெட்டுப்புள்ளிக்குக் கீழே போனவள், ஆசிரியர் இல்லாததால் கணிதத்தில் தவறியவள், விடுதிக் காசு இல்லாமல் கலைப்பிரிவுக்குத் திரும்பியவள், எல்லாரும் இந்த நம்பிக்கைப் பேச்சால்தான் தங்களைக் குற்றவாளியாக்கிக்கொள்கிறார்கள். அவளை உண்மையில் உடைப்பது இந்தப் பேச்சு. உனக்குத் தரவேண்டியதை நாங்கள் தரவில்லை, அதைக் கேட்டு வாங்க உன்னோடு நிற்கிறோம் என்பது இதைவிடத் துணிவு தரும்.

ஆகவே பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த உயர்தர வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு முன்பே வலயக் கல்வி அலுவலகத்துக்கும் சபரகமுவ மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் எழுதுங்கள். கேகாலை மாவட்டத்தில் தமிழ்மொழியில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் எந்தெந்தப் பாடசாலையில் கற்பிக்கப்படுகின்றன, அந்தப் பாடங்களுக்கு நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், தோட்டத்திலிருந்து வரும் பெண் பிள்ளைகளுக்கு விடுதி எங்கே என்று கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மறுபடியும் எழுதுங்கள். விடாமுயற்சி செய்யவேண்டியவர்கள் நாம்.